மும்பைக்குப் போய் வரும் நேரம்

"என்மேல தப்பு இல்ல சார். இன்டர்நெட் லைன்தான் சரியில்ல."

வந்ததும் வராததுமாகச் சொன்னாள் வடிவு. தென்காசியில் பங்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் இருதயராஜ் சார் தலை நிமிரவில்லை.

"நீங்க அழுத்தறது மும்பைப் பங்குச் சந்தைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்குது?"

"அறுபது மில்லி செகண்ட். நான் அழுத்தறதுக்குள்ள விலை ஓடிடுது."

"கண்ணு சிமிட்டவே அதைவிட நேரம் ஆகும்மா."

"கண்ணு சிமிட்டி என் காசு போகல சார்."

மூன்று கம்பெனி லைன் மாற்றிப் பார்த்துவிட்டாள். தன் மாவுக்கடையின் இரண்டு கிரைண்டரையும் விற்ற பணம் பாதி கரைந்திருந்தது. மீதி முழுவதும் காலையில் வாங்கிய ஒரே பங்கில் கிடந்தது. இதுவும் போனால் கிரைண்டரைத் திரும்ப வாங்க வழியில்லை.

சார் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. இன்னைக்கு என் லைன்ல பண்ணுங்க. இந்த ஊர்ல இதைவிட வேகம் கிடையாது."

வடிவு தன் கணக்கைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த விலைக்கு இறங்கினா வித்துட்டு வெளிய வருவீங்க?"

"நானூறு. நானூறு வந்தா யோசிக்கவே மாட்டேன்."

"அதை இப்பவே போட்டு வைக்கலாமே. அந்த விலை வந்ததும் தானா வித்துடும்."

"எனக்குக் கை இருக்கு சார்."

"இருக்கு இருக்கு."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். விலை மெல்ல இறங்கியது. நானூற்று மூன்று. நானூற்று ஒன்று.

நானூறு.

"வந்துடுச்சும்மா."

"தெரியுது சார். இருங்க."

அவள் கை விற்கிற பட்டனுக்குப் போகவில்லை. லைனின் வேகத்தைச் சோதிக்கும் பக்கத்தைத் திறந்தது. வட்டம் சுற்றியது. சுற்றி முடித்து எண்ணைக் காட்டியது. இருபத்தைந்து மில்லி செகண்ட்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அதற்குள் பங்கு முன்னூற்றுத் தொண்ணூற்றாறில் நின்றது.

"இப்ப வித்துடுறீங்களா?"

"இந்த விலைக்கா? நான் என்ன ஏமாளியா? மாட்டேன். மேல வரட்டும்."

சார் குனிந்தார். கம்ப்யூட்டரின் பின்னால் கைவிட்டு இன்டர்நெட் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். திரையில் விலை அப்படியே உறைந்தது.

"என்ன சார் பண்றீங்க? என் காசு உள்ள இருக்கு."

"நீங்க அழுத்தாத பட்டனுக்கு வயர் எதுக்கும்மா?"

வடிவுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனிடம் கெஞ்சவா என்று வீம்பும் வந்தது. எழுந்து, அவர் கையிலிருந்த வயரை வெடுக்கென்று பறித்தாள். மண்டிபோட்டுத் தானே செருகினாள். திரை உயிர் பெற்றபோது முன்னூற்றுத் தொண்ணூற்று மூன்று.

எழுந்து, நின்றபடியே விற்கிற பட்டனை அழுத்தினாள்.

"வித்துட்டேன். போதுமா?"

"லைன் எப்படி இருந்தது?"

"பார்க்கல" என்றாள் வடிவு.