கிங்ஸ் பார் மெனு கார்டு தொலைந்த கதை

தெற்கே ஒரு ஜங்ஷன் ஊரில், முன்னொரு சமயம், ரயில்வே பீடர் ரோடு என்று ஒரு தெரு இருந்தது. தெருவின் கிழக்குப் பக்கம் மாடிகளில் எல்லாம் பார்கள். மேற்குப் பக்கம் தரையோடு தரையாகச் சாப்பாட்டுக் கடைகள். குடிக்கிறவன் மேலே ஏற வேண்டும், பசிக்கிறவன் குனிந்து நுழைய வேண்டும் என்று யார் வகுத்தார்களோ, அப்படித்தான் இருந்தது.

கிழக்குப் பக்கத்தில் கிங்ஸ் பார். அதன் ஜன்னலோர மேசையில் ஒரு மெனு கார்டு குடியிருந்தது. சிவப்பு ரெக்சின் அட்டை, பொன்னெழுத்தில் பெயர், முதுகில் தங்க நிறக் குஞ்சம். சூப்பில் தொடங்கி ஐஸ்கிரீமில் முடியும் அதன் வயிற்றுக்குள் கோழி மட்டுமே பல பக்கத்துக்கு ஓடியது. சில்லி சிக்கன், டிராகன் சிக்கன், சிக்கன் மஞ்சூரியன், சிக்கன் லாலிபாப். பிறகு கோழியை எடுத்துவிட்டு அதே வரிசையில் காலிஃபிளவர். அப்புறம் காலிஃபிளவரையும் எடுத்துவிட்டு பன்னீர். ஒப்பித்து முடிப்பதற்குள் கார்டுக்கே மூச்சு வாங்கும்.

கிங்ஸ் பாரில் இருந்தது அந்த ஒரு கார்டுதான். இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை என்று கார்டு யோசித்துப் பார்த்திருக்கலாம். அதற்கு எங்கே நேரம்? தன்னால்தான் கடை நடக்கிறது என்ற நினைப்பில் அது மும்முரமாக இருந்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் எதிரே மாரிக்கனி மெஸ். வாசலில் ஒரு கரும்பலகை செங்கல்லில் சாய்ந்து நிற்கும். அதன் மேல் சாக்பீஸில் ஒரே ஒரு வரி. அதைப் பார்த்தாலே கார்டுக்கு இளக்காரம்.

"என்னவே, இன்னைக்கு எத்தனை ஐட்டம்?" என்று மேலிருந்து கேட்டது.

"ஒண்ணுதான். சாளை மீன் குழம்பு," என்றது பலகை.

"நேத்து?"

"தெரியாது. காலையில துடைச்சிட்டாங்க."

"நாளைக்கு?"

"மாரிக்கனி சந்தைக்குப் போயிட்டு வந்தாத்தான் தெரியும்."

"நேத்தும் தெரியாது, நாளைக்கும் தெரியாது. இதெல்லாம் ஒரு பொழப்பா? என்னைப் பாரும். போன வருஷம் என்ன இருந்துச்சோ அதேதான் இன்னைக்கும். வர்ற வருஷமும் அதேதான்."

பலகை நிமிர்ந்து மாடியைப் பார்த்தது. "ஐயோ பாவம்," என்றது.

கார்டுக்குச் சுருக்கென்றது. பொறாமையில் பேசுகிறது என்று முடிவுகட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆடி மாதம் வந்தது. பல கை பட்டு, பல சாஸ் கொட்டி, கார்டு பிசுபிசுத்துப் போயிருந்தது. பாரில் சப்ளை செய்யும் காசிராஜன் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் பிரிட்டோவின் லேமினேஷன் கடையில் கொடுத்தான். அங்கே ஏற்கெனவே ஹில்டாப் பாரின் கார்டு வந்திருந்தது. ஊரில் மலை கிடையாது, இருந்தாலும் பாரின் பெயர் ஹில்டாப். பிளாக் பேர்ல், ஓஷன் ஆகிய பார்களின் கார்டுகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன.

பிரிட்டோ எல்லாவற்றின் ரெக்சினையும் உரித்துவிட்டு, உள்பக்கங்களைப் புது பிளாஸ்டிக்கில் போட்டு எடுத்து மேசையில் குவித்தான். டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது எது எதனுடையது என்று மறந்திருந்தது.

"இதுல எது கிங்ஸ்?" என்று தலையைச் சொறிந்தான்.

"நான்தான் கிங்ஸ்," என்றது நம் கார்டு.

"அது நானாக்கும்," என்றது பக்கத்தில் கிடந்தது.

"அப்படியா? என் மூணாம் பக்கத்துல முதல் வரி சில்லி சிக்கன். உனக்கு?"

"எனக்கும் அதான்."

"எனக்கும்," "எனக்கும்," என்றன மற்ற இரண்டும்.

நம் கார்டு அசரவில்லை. "சில்லி சிக்கன் மேல எனக்கு ஒரு சாஸ் கறை உண்டு. எல்லாரும் விரலை வெச்சு வெச்சு உண்டானது. புது பிளாஸ்டிக் போட்டும் போகல. அது என் மச்சம் மாதிரி," என்று பக்கத்தைத் திறந்து காட்டியது.

மற்ற மூன்றும் மூன்றாம் பக்கத்தைத் திறந்தன. அதே இடம், அதே கறை, அதே பருமன்.

நாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நான் உண்மையிலேயே கிங்ஸ்தானா என்று கார்டுக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. வயிற்றுக்குள் ஐஸ்கிரீம் பக்கம் வரைக்கும் சில்லிட்டது.

"எதை எதுல போட்டா என்ன, எல்லாம் ஒரே எழவுதான்," என்றான் பிரிட்டோ. கைக்கு வந்ததைக் கைக்கு வந்த ரெக்சினில் சொருகினான். நம் கார்டு ஹில்டாப்பின் பச்சை அட்டைக்குள் போயிற்று.

ஹில்டாப் பார், கிங்ஸுக்கு அடுத்த மாடி. கார்டு அங்கேயும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டது. காசிராஜன் வருவான். கிங்ஸில் இருக்கும் போலியைத் தொட்ட உடனேயே அவன் கை சொல்லிவிடும். வாடிக்கையாளர்கள் மேசையைத் தட்டிக் கேட்பார்கள். இரண்டு நாளில் கலவரம் வெடிக்கும்.

எதுவும் வெடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காசிராஜன் சினிமாப் பாட்டை முணுமுணுத்தபடி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான்.

சரி, நாமே நம்மைக் காட்டிக்கொடுத்தால்தான் ஆகும் என்று கார்டு முடிவுசெய்தது. அன்று சாயங்காலம் ஒரு ஆள் கையில் எடுத்தபோது தலைகீழாக நின்றது. அந்த ஆள் தலைகீழாகவே பக்கம் பக்கமாகப் படித்து, ஆழ்ந்து யோசித்து, தலையை ஆட்டினார். "ஒரு சில்லி சிக்கன், ஒரு ஃபிங்கர் சிப்ஸ்," என்றார்.

மறுநாள் தன் எழுத்துகளையெல்லாம் கூப்பிட்டு, ரெக்சினுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னது. பக்கங்கள் வெறும் வெள்ளையாக இருந்தன, கறை மட்டும் மிச்சம். வந்தவர் கறையின் மேல் விரலை வைத்து, "இதுல ஒண்ணு," என்றார். சில்லி சிக்கன் வந்தது.

அதற்கடுத்த நாள் கார்டு எழுத்துகளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டது. வந்தவர் வெறும் மேசை மேல் விரலை வைத்து, "இதுல ஒண்ணு," என்றார். அதற்கும் சில்லி சிக்கன் வந்தது.

மேசைக்கு அடியில் கிடந்து கார்டு அழுதது. லேமினேஷன் போட்டிருந்ததால் கண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இறங்கி, பன்னீர் பக்கம் முழுக்க நனைந்தது.

மறுநாள் காலை அதை யாரோ எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். அன்றைக்குத்தான் ஆடிக் காற்று பேயாட்டம் ஆடியது. தெருவில் மாரிக்கனி மெஸ்ஸின் பலகை விழுந்தது. அடுத்த கடையான ஆறுமுகநயினார் சைவச் சாப்பாட்டுக் கடையின் பலகையும் விழுந்தது. தெருக் கூட்டுகிற அம்மாள் இரண்டையும் எடுத்து நல்ல மனசோடு நிமிர்த்தி வைத்தாள். மாற்றி வைத்துவிட்டாள்.

முதலில் வந்தவர் ரயிலுக்குக் கொடி காட்டி ரிட்டயர்டான கோமதிநாயகம். தேங்காய்ப்பால் சொதி சாப்பிட வந்த மனுஷர், சைவக் கடை வாசலில் 'ஆட்டுக்குடல்' என்று இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நயினாரே," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "உமக்கு நான் என்னவே கெடுதல் பண்ணேன்?"

அதே நேரத்தில் ஆட்டோக்காரர் ஒருவர் மாரிக்கனி மெஸ் வாசலில் வண்டியை நிறுத்தினார். "யக்கா, இது என்ன சொதியும் இஞ்சிப் பச்சடியும்? குடலு எங்க? குடலுக்குன்னு தாழையூத்துலேருந்து வாரேன்," என்றார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்கு நியாயம் பேசினார்கள். பஸ் ஒன்று நின்று, டிரைவரும் இறங்கி வந்து கேட்டார். நடுவில் பலகைகள் இரண்டும், "நான் இங்க இல்ல, நான் அங்க," என்று கத்திக்கொண்டிருந்தன. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அவற்றை அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் தெரு அடங்கியது. கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேலே விளிம்பில் இருந்த கார்டு எல்லாவற்றையும் பார்த்தது. ஒரு பலகை பத்தடி தள்ளிப் போனதற்கு ஊரே திரண்டுவிட்டது. தான் ஒரு மாடி விட்டு இன்னொரு மாடிக்கே போய்விட்டது, ஒரு ஈ கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கார்டுக்குப் பொறாமையாக இருந்தது. இந்த முறை அதை வேறு யார் மேலும் தள்ளிவிட முடியவில்லை.

அடுத்த காற்றில் கார்டு ஜன்னலை விட்டு வெளியே வந்தது. காற்று தள்ளியதா, தானே குதித்ததா என்று பின்னாளில் கேட்டவர்களிடம் அது இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறது.

விழுந்த இடம் மாரிக்கனி மெஸ் வாசல்.

"வாரும்," என்றது பலகை. "என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான். என்னைத் தேடி வருவாங்க. அதுவரைக்கும் இங்க இருக்கேன்."

"யாரு வருவா?"

நல்லவேளையாக அதற்குள் மாரிக்கனி வெளியே வந்துவிட்டாள். அவள் எரிச்சலில் இருந்தாள். குழம்புச் சட்டியின் மூடி காற்றில் உருண்டு ரோட்டுக்குப் போய், லாரி ஏறிச் சப்பட்டையாகிவிட்டது. கீழே கிடந்த கார்டை எடுத்தாள். திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பினாள், ரெக்சினைப் பிய்த்துப் போட்டாள், மிச்சத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். முதுகில் குஞ்சம் மட்டும் தொங்கியது.

"இப்போதைக்கு இது போதும்," என்று சட்டியை மூடினாள்.

கார்டு திகைத்துப் போயிற்று. பிறந்ததிலிருந்து சாப்பாட்டின் பெயர்களைச் சுமந்தது, சாப்பாடு அடுப்பில் இருப்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கீழே குடல் குழம்பு தளதளவென்று கொதித்தது. மிளகும் தேங்காயும் வெந்த வாசனை அதன் மேல் ஏறியது.

"இது எந்தப் பக்கத்துல வரும்?" என்று சட்டியைக் கேட்டது.

"பக்கமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது," என்றது சட்டி. "நாளைக்கு இது இருக்காது. இப்பவே மோந்துக்கோ."

மறுநாள் கருவாடு. அதற்கு மறுநாள் முருங்கைக்காய் போட்ட சாளை. ஒருநாள் மீனும் வரவில்லை, கறியும் வரவில்லை. மாரிக்கனி உளுந்தஞ்சோறு வடித்து எள்ளுத் துவையல் அரைத்தாள், அதற்கும் ஆட்கள் வந்தார்கள். அன்றன்றைக்கு என்ன வருமோ என்று கார்டுக்குக் காலையிலேயே படபடப்பு தொடங்கிவிடும். ஆவி பட்டுப் பட்டு அதன் எழுத்துகள் மங்கின. முதலில் டிராகன் சிக்கன் போயிற்று. கார்டு அதற்கு வருத்தப்படவில்லை. சட்டியின் வாயில் ஒரு பக்கம் சிறு சில்லு உடைந்திருந்தது. சூட்டில் இளகிய பிளாஸ்டிக் அந்த உடைசலுக்கு ஏற்றபடி ஒரு மூலையில் நெளிந்து இறங்கி, அப்படியே இறுகிப்போனது.

ஒரு மத்தியானம் காசிராஜன் சாப்பிட வந்தான். பார்களில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் சாப்பிடுவது எதிர்ப்பக்கத்தில்தான். மேலே என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

அவனைக் கண்டதும் கார்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குஞ்சத்தை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. காசிராஜன் நேராக வந்து அதே குஞ்சத்தைப் பிடித்து மூடியைத் தூக்கினான். ஒரு அகப்பை குழம்பை ஊற்றிக்கொண்டான். மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கார்டுக்கு வலித்தது. வலியோடு சரிந்து, தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மாரிக்கனியின் குரல் வந்தது.

"ஏல காசி, மூடியை எங்க வெச்ச? குழம்பு ஆறுதுலா."

"எந்த மூடிக்கா?"

"அதாம்ல, குஞ்சம் வெச்சது."

காசிராஜன் சுவரைப் பார்த்தான், காணோம். "விடுங்கக்கா. எங்க பார்ல இதே மாதிரி ஒண்ணு சும்மாதான் கெடக்கு. எடுத்துட்டு வாரேன்," என்றான். சொன்னபடியே போய் எடுத்துக்கொண்டு வந்தான். சிவப்பு ரெக்சின், பொன்னெழுத்து, குஞ்சம்.

மாரிக்கனி அதைச் சட்டி மேல் வைத்துப் பார்த்தாள். விறைப்பாக நின்றது. உடைந்த பக்கம் வழியாக ஆவி புஸ்ஸென்று வெளியே வந்தது. எடுத்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது சேராதுல. நம்மது இந்தச் சட்டிக்குன்னே வளைஞ்சு பழகிட்டு. அதைத் தேடு."

காசிராஜன் அதைப் பெஞ்சில் போட்டுவிட்டுத் தேடத் தொடங்கினான். பெஞ்சுக்கு அடியில் குனிந்தான், விறகை விலக்கினான், இலைக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். மாரிக்கனியும் கரண்டியோடு கூடவே வந்து தேடினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள்.

டிரம் இடுக்கில் கிடந்த கார்டுக்கு எல்லாம் கேட்டது. ஒரு தடவை குஞ்சத்தை ஆட்டினால் போதும், கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று அது மூச்சுக்கூட விடாமல் கிடந்தது.