ஊளையிட்ட சக்கரக்கால்

காற்றைக் குழாய்க்குள் ஓடவிட்டு விமானங்களைச் சோதிக்கும் கூடம் அது. அங்கே விமானம் தரையிறங்கும் சக்கரக்காலின் மாதிரியை நிறுத்திக் காற்றைத் திறந்தால் ஊளை காதைப் பிளக்கும். மாதிரியைத் துடைக்கும் சொர்ணவல்லிக்கு மட்டும் அது கனவில் கேட்கும் புல்லாங்குழல்.

"அச்சாணி ஓட்டையிலதான் சார் காத்து ஊதுது," என்றாள்.

தலைமைப் பொறியாளர் சேஷகோபாலன் சோதனையைப் பார்க்க வந்த விருந்தினர்கள் முன்னால் சிரித்தார். தன் பேனாவை அவள் கையில் திணித்தார்.

"இந்தாங்க இஞ்சினியரம்மா, பேனா! என் வரைபடத்துல ஒரு கோடுகூட மாத்தாம சத்தத்தை நிறுத்து. முடியலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

சொர்ணவல்லி அந்தப் பேனாவையே ஓட்டைக்குள் இறுக்கிச் செருகினாள்.

காற்று வந்தது. காற்றின் போக்கைக் காட்ட விடும் வெண்புகை இழைகள் சக்கரத்தைத் தடவிக்கொண்டு மேகம்போல மிதந்து போயின. ஊளை இல்லை. கூடமே கண்ணயர்ந்த மாதிரி இருந்தது.

"யாரைக் கேட்டுச் செருகினே? உன்னை இப்பவே வேலையை விட்டுத் தூக்குறேன்!" என்று தாளை எடுத்தவர், சட்டைப்பையைத் தடவினார்.

"கையெழுத்துக்கா சார்? தாராளமா உருவிக்கோங்க," என்றாள் அவள். "திரும்ப ஊளையிடும், பரவாயில்லையா?"

விருந்தினர் ஒருவர் சிரித்தபடி தன் பேனாவைச் சேஷகோபாலனிடம் நீட்டினார், வரைபடத்தில் அந்த ஓட்டைக்கு ஒரு மூடி வரைந்துகொள்ளச் சொல்லி.