வாசலில் கொடுத்த குரல்

கொள்ளிடக் கரையில் அந்த மடம் இருந்த இடத்தில் இப்போது நீரேற்று நிலையம் இருக்கிறது. மடம் இருந்த காலத்தில் பக்கத்து ஓடத்துறையில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. உச்சிப்பொழுதில் மடத்து வாசலிலிருந்து குரல் வரும். "பசித்தவங்க யாராவது உண்டா?" மூன்று தரம். அதைக் கேட்ட பிறகுதான் ஓடக்காரர்கள் தூக்குவாளியைத் திறப்பார்கள்.

பதினோரு வருடத்தில் ஒருநாள் மட்டும் அந்தக் குரல் நேரம் தவறி வந்தது. ஒரே ஒரு தரம். வழக்கமான வார்த்தைகளும் அதில் இல்லை.

குரலுக்குச் சொந்தக்காரர் குஞ்சிதபாதம். அறுபது வயது. அவருடைய குரு சொர்ணத்தம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இலை போட்டதும் வாசலுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டும். அப்புறம்தான் மடத்தில் மற்றவர்கள் கை நனைக்கலாம். அம்மாள் அவருக்குக் கொடுத்த உபதேசம் இவ்வளவுதான்.

"ஜபம், தியானம்னு ஏதாவது கொடுக்கக் கூடாதா?" என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்பார்.

"முதல்ல இதை முடிங்க, பார்க்கலாம்."

அவர் குரலுக்கு வழிப்போக்கர்கள் வருவார்கள். நாய்கள் வரும், காகங்கள் வரும். ஒரு தடவை சலவைக்காரரின் கழுதை வந்து நின்றது. அதையும் கும்பிட்டுவிட்டுத்தான் சோறு வைத்தார்.

குரல் நேரம் தவறிய அன்று காலை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"எல்லா உயிரிலயும் சாமி இருக்குன்னு சொல்றீங்க. எல்லாத்திலயுமா?"

"எதைக் கழிக்கலாம்னு பார்க்கிறீங்க?"

"நாய்கிட்ட தெரியுது. காக்காய்கிட்ட தெரியுது. கழுதைகிட்டகூடத் தெரிஞ்சுது. ஒரே ஒரு ஆள்கிட்ட தெரியலை."

"யாரு?"

"எங்க அண்ணன். எங்கம்மா செத்தப்போ நான் வந்து சேர்றதுக்குள்ள கொள்ளி வச்சுட்டார். இருபத்திரண்டு வருஷமாச்சு, பேச்சு கிடையாது."

"துண்டு பெரிசா இருக்கு. சின்னதா நறுக்குங்க," என்றார் அம்மாள்.

உச்சிப்பொழுதில் வாசலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே இலுப்பை மரத்தடியில் அண்ணன் அம்பலவாணன் நின்றிருந்தார். தோளில் துணிப்பை. வெயிலில் நடந்து வந்த முகம். முதுகு வளைந்திருந்தது. கூப்பிடாத இடத்துக்குள் கால் வைக்கிற ஆள் இல்லை அவர். அன்றும் மரத்தடியைவிட்டு நகரவில்லை.

குஞ்சிதபாதம் குனிந்து தரையைப் பார்த்தபடி மூன்று தரம் சொன்னார். காலடியில் நின்ற நாய்களுக்குக் கேட்டது. மரத்தடிக்குக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார்.

அம்மாளின் இலையில் சோறு விழுந்தது. அவர் தொடவில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் தொடவில்லை.

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேம்மா."

"மூணு தரமா?"

"மூணு தரம்."

"எனக்குக் கேட்கலையே."

"தொண்டை கட்டியிருக்கு."

"காலையில நல்லாத்தானே பேசினீங்க. வாசல்ல யாரு?"

"யாரோ பெரியவர். காது மந்தம்."

"காது மந்தம்னு எப்படித் தெரியும்?"

ரசம் கொண்டுவந்தவர் வாளியோடு நின்றார். குஞ்சிதபாதம் இலையைப் பார்த்தபடி சொன்னார்.

"சின்ன வயசுலேயே மந்தம்மா. அம்மை போட்டதிலிருந்து. தெருக்கோடியில பம்பரம் விட்டுக்கிட்டிருப்பார். எங்கம்மா கூப்பிடறது அவருக்குக் கேட்காது. நான்தான் வாசப்படியில ஏறி நின்னு கத்துவேன். 'அண்ணே, சாப்பிட வா'ன்னு. கோயில் குளம் வரைக்கும் கேட்கும்பாங்க. அவர் வந்து உட்கார்ந்தாத்தான் எனக்குச் சோறு. தன் தட்டுல இருக்கிற வடகத்தை எனக்குத் தள்ளிட்டுத்தான் அவர் கை வைப்பார்."

"இந்தக் குரல் அப்ப வந்ததுதானா?"

"ஆமாம்மா. அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்தது."

அம்மாள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இலையில் சோறு ஆறியது.

குஞ்சிதபாதம் ஜன்னல் வழியே பார்த்தார். சாத்திய கதவை அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு பையை மாற்றுத் தோளில் போட்டுக்கொண்டு ஓடத்துறைப் பக்கம் திரும்பினார்.

குஞ்சிதபாதம் எழுந்து ஓடினார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"யாரைக் கூப்பிடறேன்னு நினைச்சுக்கணும்மா? சாமியையா, அண்ணனையா?"

"காதுல விழற மாதிரி கூப்பிடுங்க," என்றார் அம்மாள்.