சுழலி சொன்ன சொல்

ஒரு காட்டில் என்றதும் நாலு மரம் நிற்கிற சின்னக் காடு என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே! சிங்கங்கள் முடி சூடி, முரசு கொட்டி அரசாண்ட பழைய காலத்துப் பெருங்காடு அது. அதன் நடுவே பெரிய ஏரி. ஏரியின் இரண்டு கரையிலும் மந்திரம் தெரிந்த நீர்நாய்கள் வாழ்ந்தன.

வடகரைக் குடியின் மந்திரம் ஒரே ஒரு சொல்தான். "கட்டு!" என்பார்கள். ஓடுகிற மானின் கால் அப்படியே நிற்கும், பாய்கிற தண்ணீர் சுவராக நிற்கும். தென்கரைக் குடியின் மந்திரமும் ஒரு சொல்தான். "அவிழ்!" என்பார்கள். நின்றது ஓடும், சிக்கியது விடுபடும்.

இரண்டு குடிக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு குடியின் சொல்லை இன்னொரு குடி வாயால் சொல்லக் கூடாது. சொன்னவரை ஊரை விட்டே தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் தென்கரையில் யாரும் வீடு கட்டியதில்லை, "வீடு வைத்தோம்" என்பார்கள். வடகரையில் கயிற்றில் முடிச்சு விழுந்தால், "அதை எப்படியாவது பிரித்துத் தொலை" என்று சுற்றி வளைப்பார்கள். வீம்புக்கு ஓர் அளவு வேண்டாமா?

தென்கரையில் சுழலி என்று ஓர் இளம்பெண் இருந்தாள். நிமிர்ந்த தலை, நேர்கொண்ட பார்வை. அவள் அவிழ்க்க முடியாத கட்டு அந்தக் காட்டிலேயே கிடையாது. அவளுக்குச் சரிக்குச் சமமாக வடகரையில் இருந்தவன் தறியன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை.

"என்ன சுழலி, இதை உன்னால் அசைக்க முடியுமா?" என்று ஏரியின் நீர்ச்சுழல் ஒன்றை அப்படியே கட்டி நிறுத்துவான் தறியன்.

"அவிழ்!" என்பாள் அவள். சுழல் விடுபட்டு அவன் முகத்தில் பளீரென்று அறையும்.

"மூக்கைத் துடைத்துக்கொள்ளும், வித்தைக்காரரே!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள்.

போகிறவள் நிம்மதியாகச் சாப்பிடுவாளா? மாட்டாள். பிடித்த மீன் தொண்டையில் இறங்காது. அந்த நனைந்த முகமே கண்ணுக்குள் நிற்கும். 'எனக்கு அவன் மேல் கோபம். அதனால்தான் பசிக்கவில்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கோபமாம்! நாம் நம்பிவிட்டோம்.

ஒரு நாள், பிடரிக்கோன் என்ற சிங்க அரசர் முரசறைந்து அறிவித்தார்.

"நம் அரசவையில் மந்திரக்காரருக்கான பலகை காலியாக இருக்கிறது. தறியன், சுழலி இருவரும் ஏரிக்கரையில் போட்டியிடட்டும். வெல்பவர் அந்தப் பலகையில் அமரலாம்."

தென்கரைத் தலைவர் பெருமீசை, சுழலியைக் கூப்பிட்டார். "மகளே, அந்தப் பலகை நம் குடிக்கு வர வேண்டும். வராவிட்டால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்!"

"கவலைப்படாதீர்கள், பெரியப்பா. உங்கள் மீசைக்கு நான் பொறுப்பு" என்றாள் சுழலி.

போட்டி நாளும் வந்தது. காடே ஏரிக்கரையில் திரண்டிருந்தது. ஆனால் மேலே மலையில் பேய்மழை கொட்டியதை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளம் திமுதிமுவென்று ஏரிக்குள் இறங்கியது. மிஞ்சிய தண்ணீர் ஆற்றுக்கு வழிந்தோடுகிற கலிங்கில், வெள்ளம் அடித்து வந்த மரங்கள் சிக்கி அடைத்துக்கொண்டன. வழியில்லாத தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. கரையில் ஒரு விரிசல் விட்டது. கரைக்குக் கீழே பள்ளத்தில்தான் மான்குட்டிகளும் முயல்களும் இருந்தன.

தறியன் விரிசலுக்கு முன்னால் பாய்ந்து நின்றான். "கட்டு!"

தண்ணீர் நின்றது. "தறியன் வாழ்க!" என்று காடு அதிர்ந்தது. ஆனால் வெள்ளம் ஏற ஏற, அவன் மீண்டும் மீண்டும் கத்தினான். கால்கள் நடுங்கின. குரல் கம்மியது. அதைச் சுழலி மட்டும்தான் பார்த்தாள்.

பெருமீசையும் பார்த்தார் போலிருக்கிறது. "சும்மா நில்" என்று அவள் காதில் சொன்னார். "இன்னும் கொஞ்சத்தில் அவன் விழுந்துவிடுவான். பலகை உனக்குத்தான்."

"அவன் விழுந்தால் கரையும் விழுமே, பெரியப்பா!"

"அது அவன் பாடு."

சுழலிக்கு ஆத்திரம் பொங்கியது. "இப்படி வருகிற பலகையில் உட்கார எனக்கு வெட்கமாக இருக்கும்!" என்று சொல்லிவிட்டுக் கலிங்குக்குத் தாவினாள். "அவிழ்!"

சிக்கிய மரங்கள் பிய்த்துக்கொண்டு போயின. தண்ணீர் இரைந்துகொண்டு ஆற்றுக்குப் பாய்ந்தது. ஏரி வடியத் தொடங்கியது. வடிந்து முடிய நேரமாகுமே! அதுவரை விரிசலைக் கட்டி நிறுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தறியனின் தொண்டை அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. விரிசல் படபடவென்று விரிந்தது.

சுழலி ஓடி வந்து அவன் தோளோடு தோள் நின்றாள். அந்தச் சொல்லைச் சொன்னால் வீடு இல்லை, குடி இல்லை. தன் வாயில் அது பலிக்குமா என்றுகூட அவளுக்குத் தெரியாது. மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"கட்டு!"

பலித்தது. தண்ணீர் நின்றது. ஏரி வடிந்து கரை தப்பும் வரை அவள் அந்தச் சொல்லை விடவில்லை. பள்ளத்தில் ஒரு மான்குட்டிக்குக்கூடக் கால் நனையவில்லை.

பெருமீசை ஓடி வந்தார். "ஐயையோ, சொல்லிவிட்டாள்! வடகரைச் சொல்லைச் சொல்லிவிட்டாள்! இனி இவள் நம் குடியே இல்லை!"

சுழலி நிமிர்ந்து நின்றாள். "மான்குட்டிகள் பிழைக்கச் சொன்ன சொல்லுக்குத் தள்ளி வைப்பீர்களா? அப்படியென்றால் இன்னொரு தடவையும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்." தறியன் பக்கம் திரும்பினாள். "தறியா, என்னைக் கட்டிக்கொள்கிறாயா?"

தறியனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. கம்மிய குரலில் அவன் சொன்னான்:

"நானாகச் சொல்லத் துணியாமல் எத்தனையோ நாளாக நெஞ்சில் முடிந்து வைத்திருந்ததை நீ அவிழ்த்துவிட்டாய், சுழலி. கட்டிக்கொள்கிறேன்."

"ஐயோ, இவனும் சொல்லிவிட்டானே!" என்று வடகரை முழுவதும் தலையில் அடித்துக்கொண்டது. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பிடரிக்கோன் பிடரியைச் சொறிந்துகொண்டார். "எல்லாம் சரி. பலகை ஒன்றுதானே இருக்கிறது? யாருக்குக் கொடுப்பது?"

"மரங்கொத்தியைக் கூப்பிட்டு அகலமாக ஒன்று செய்யச் சொல்லுங்கள், அரசே" என்றாள் சுழலி. "அதுவரை நாங்கள் நிற்கிறோம்."

நீதி: பிறர் உயிரைக் காக்கத் தன் வீம்பை விட்டுக்கொடுப்பவரே தலை நிமிர்ந்து நிற்கத் தகுந்தவர்.