கரையான் கேட்ட காதுகள்

முன்னொரு காலத்தில் நெடுங்குளம் நாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கடைசியாக யார் அவரிடம் பேசினாரோ, அவர் சொன்னபடிதான் நாடு நடந்தது.

ஒருநாள் அரசவைக்கு நுண்செவியார் என்று பட்டம் கட்டிக்கொண்ட ஒருவன் வந்தான். சிம்மாசனத்தின் காலில் காதை வைத்துக் கண்களை மூடினான்.

“ஐயோ மகாராஜா! உள்ளே கரையான் கரகரவென்று தின்கிறதே! என் மூலிகைப் புகை போட்டால்தான் தப்பும்.”

அமைச்சர் கோலாகலர் உடனே குனிந்து காதை வைத்து, “ஆமாம், ஆமாம்! பாட்டே கேட்கிறது!” என்றார். கிடைப்பதில் பாதி அவருக்கு என்று முதல்நாளே பேசி முடித்திருந்தார்கள். தனக்கு மட்டும் கேட்காமல் போனால் கௌரவக் குறைச்சல் என்று ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மறுவாரமே தண்டோரா போட்டார்கள்: வீட்டுக்கு வீடு புகை போட வேண்டும், தூணுக்கு ஒரு மூட்டை நெல். சாம்பிராணியும் வேப்பிலையும்தான் அந்த மூலிகை. நெல் இல்லாத வீட்டில் ஆட்டை ஓட்டிப்போனார்கள். களத்தில் கூலிவேலை செய்த செங்கமலத்தின் கறவைப்பசுவையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அவள் பிள்ளைக்கு அந்தப் பால்தான் சாப்பாடு.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. மூன்றாம் நாள் ஒரு மாட்டுவண்டி அரண்மனை முற்றத்தில் வந்து நின்றது. மஞ்சள் துணி சுற்றிய தூண் ஒன்றை நாலு பேர் இறக்கி நிறுத்தினார்கள். செங்கமலம் படியில் நின்ற ராஜாவைக் கும்பிட்டாள்.

“மகாராஜா, இது எங்க குலத்து மங்கலத்தூண். துணியை அவிழ்க்கிற வழக்கம் இல்லை. இதுக்கும் புகை வேணுமான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க.”

“துணி எனக்கு ஒரு தடையா?” என்று நுண்செவியான் காதை வைத்தான். “அடேயப்பா! ஐந்நூறு கரையான்! ராணிக்கரையான் முட்டை வேறு இட்டிருக்கிறது! இதற்கு மூன்று மூட்டை ஆகும்.”

“ஐந்நூற்றிரண்டு” என்றார் கோலாகலர்.

ராஜாவும் இறங்கிவந்து காதை வைத்தார். “எனக்கும் லேசாகக் கேட்கிறது” என்றார்.

செங்கமலம் துணியை உருவினாள். உள்ளே நின்றது கருங்கல் தூண்.

முற்றத்தில் நின்ற காவலன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அதோடு வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே சிரித்தது. ராஜாவுக்கு முகம் சிவந்தது. கடைசியில் வேறு வழியின்றி அவரும் சிரித்தார்.

“கல்லைத் தின்கிற கரையானா?” என்று கர்ஜித்தார். “அமைச்சரே, எண்ணிக்கை சொன்னீரே! நீரும் இவனும் வாங்கின மூட்டைகளை வீடு வீடாக உங்கள் முதுகிலேயே சுமந்து திருப்பிக் கொடுங்கள். ஆடுமாடுகளையும் நீங்களே ஓட்டிப்போய் விடுங்கள்!”

பிறகு அவளைப் பார்த்தார். “உனக்கு என்னம்மா வேண்டும்?”

“என் பசு வந்தாப் போதும். அப்புறம் ஒரு சட்டம்: எவனாவது கரையான்னு சொன்னா, கண்ணால காட்டின பிறகுதான் கூலி.”

“அப்படியே ஆகட்டும். பசுவோடு கன்றும் சேர்த்துத் தருகிறேன். ஆனால் இது மோசடி என்று நேராகவே சொல்லியிருக்கலாமே?”

“இனாமா சொல்றதை யார் கேக்கறாங்க, மகாராஜா? மூணு மூட்டைன்னு விலை சொன்ன பிறகுதானே உங்க காதுக்கே கேட்டுது!”