கரடி ஊற்றிய தண்ணீர்

மொட்டைப் பாறைக் காட்டில் மொத்தன் என்று ஒரு கரடி இருந்தான். உடம்பெல்லாம் சடை, மனசெல்லாம் பாசம். புத்திதான் கொஞ்சம் அவசரப் புத்தி. யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று அவன் கிளம்பினால் காடே ஓடி ஒளிந்துகொள்ளும். போன வருஷம் ஒரு கவுதாரியின் முட்டைகள் குளிரில் கிடக்கின்றனவே என்று பதறி, சூடு கொடுக்க அவற்றின் மேல் உட்கார்ந்தவன் அவன். அப்புறம் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள்.

கோடை முடிந்து முதல் மழை கொட்டியது. பாறை உச்சியில் அண்டா அளவுக்கு ஒரு குழி உண்டு. அதில் மழைத்தண்ணீர் தேங்கியது. கொஞ்ச நாளில் பார்த்தால் அதற்குள் குட்டிக் குட்டி இறால்கள்! ஓடையோ அடிவாரத்தில் எங்கோ ஓடுகிறது. பாறைக்கு மேலே இறால் எப்படி வந்தது என்று காட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மொத்தன் தண்ணீர் குடிக்கக் குனிந்தான். ஒரு இறால் மல்லாந்து கிடந்தபடி நீந்திக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், உயிர் போகப் போகிறது என்று நினைத்துவிட்டான். நகத்தால் மெல்ல அதைப் புரட்டிவிட்டான். அது மறுபடி மல்லாந்தது. மறுபடி புரட்டினான்.

“அண்ணே, கையை எடுங்க” என்றது இறால். “நாங்க நீந்துறதே இப்படித்தான்.”

“மல்லாந்தா?”

“மல்லாந்துதான். உங்களை யாராவது தலைகீழா நிறுத்தி வச்சா நீங்க சும்மா இருப்பீங்களா?”

மொத்தனுக்கு அந்த வாய்த்துடுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மினுக்கி என்று பெயர் வைத்தான். இது நான் வளர்க்கிற இறால், யாரும் கிட்டே வரக்கூடாது என்று காடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். அவள் பாட்டுக்குப் பாசியைத் தின்று தானே வளர்ந்தாள். அதில் இவன் வளர்த்தது என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் பாசம் வைத்தவனிடம் கணக்குக் கேட்க முடியுமா?

தினமும் குழி ஓரம் குப்புறப் படுத்துக்கொள்வான். தேனடை கண்ட கதை, கறையான் புற்றில் மூக்கு மாட்டிக்கொண்ட கதை எல்லாம் சொல்வான். நாள் முழுக்க மல்லாந்தே கிடப்பதால் அவளுக்கு வானம் அத்துப்படி. எந்த மேகம் பெய்யும், எந்த மேகம் ஏமாற்றும் என்று அவள் சொல்வாள். இரண்டு பேருக்கும் பொழுது போவதே தெரியவில்லை.

மழை விட்டது. வெயில் ஏறியது. குழித் தண்ணீர் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது.

மொத்தனுக்குக் கை கால் ஓடவில்லை. மினுக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதைக் கேட்க அவன் அங்கே இருந்தால்தானே! பாறையை விட்டு உருண்டு புரண்டு இறங்கி, ஓடையில் முங்கி, சடையெல்லாம் நனைய மேலே ஓடி வந்து, குழிக்கு மேல் நின்று உடம்பை ஒரு உதறு உதறினான். மறுபடி ஓடினான். மறுபடி உதறினான். சாயங்காலத்துக்குள் குழி பழையபடி நிரம்பியது. அன்றிலிருந்து இதுவே அவன் பிழைப்பானது. இரை தேடப் போகவில்லை. உள்ளங்கால் வெடித்தது. சடைக்குள் எலும்பு தெரிய ஆரம்பித்தது.

தண்ணீர் வற்றாமல் நின்ற சேதி ஒரு தவளையின் காதுக்குப் போயிற்று. குண்டுத் தவளையார் மூட்டை முடிச்சு இல்லாமல் வந்து குழியில் குடியேறிவிட்டார். வந்ததும் மொத்தனை மாமா என்று உறவு கொண்டாடி அழைத்தார். உன்னைப் போல ஒரு தியாகி உண்டா, அந்தப் பச்சைக் குழந்தைகளுக்கு உன்னை விட்டால் யார் கதி, ஊற்று மாமா ஊற்று என்று உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மொத்தன் ஓடைக்கு இறங்கும்போதெல்லாம் தவளையார் இரண்டு இறால்களை விழுங்குவார். கூட்டம் குறைகிறதே என்று மொத்தன் கேட்டால், வெயிலுக்குப் பயந்து அடியில் போய்ப் படுத்திருக்கின்றன என்பார். அவனும் நம்பினான்.

ஒரு நாள் மொத்தன் நனைந்து வந்து நின்றபோது மினுக்கி குழி ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தாள். துடுப்புக் கால்கள் தளர்ந்து அசைந்தன.

“உதறாதீங்க அண்ணே. இன்னைக்காவது நான் சொல்றதைக் கேளுங்க.”

அவன் அப்படியே நின்றான்.

“நான் முட்டை போட்டுட்டேன். அடிச்சேத்துல கிடக்கு. அது காயணும். வெயில்ல நல்லாக் காஞ்சு கிடந்து, அப்புறம் மழை பட்டாத்தான் பொரியும். ஈரத்துலயே கிடந்தா ஒரு குஞ்சும் வராது. நீங்க தண்ணி ஊத்த ஊத்த என் பிள்ளைங்களுக்குத்தான் வழி அடைபடுது.”

“தண்ணி வத்தினா நீ செத்துப்போயிடுவியே, புள்ள!”

“வத்தாட்டியும் சாவேன். எங்க ஆயுசே ஒரு மழைக்குள்ளதான். அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பிள்ளைங்க இல்லாமப் போனா தாங்கமாட்டேன்.”

மொத்தனுக்குக் கோபம் வந்தது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சத்தம் போட்டான்.

“சொல்ல வந்தேன். நீங்க ஓடைக்குக் கிளம்பிட்டீங்க” என்றாள் மினுக்கி.

மொத்தன் பத்தடி தள்ளிப் போய் ஒரு இலந்தைப் புதரின் மேல் உடம்பை உதறினான். திரும்பி வந்து உட்கார்ந்தான். தவளையார் பதறிப்போய், நேரமாகிறது மாமா, ஓடைக்குப் போகவில்லையா என்றார். அவன் அசையவில்லை. தண்ணீர் தவளையின் முழங்கால் மட்டத்துக்கு இறங்கியதும் தவளையாருடைய பாசமும் இறங்கிவிட்டது. இந்தக் குட்டையில் எல்லாம் மனுஷன் இருப்பானா என்று சொல்லிவிட்டுத் தாவிப் போய்விட்டார்.

மொத்தனுடைய கால்கள் ஓடைக்கு ஓடத் துடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அவனுடைய பெரிய நிழல் குழியின் மேல் விழுந்திருந்தது. மினுக்கிக்கு அது குளுமையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அவன் நகர்ந்து உட்கார்ந்து வெயிலுக்கு வழி விட்டான்.

“மேகமே இல்ல அண்ணே” என்றாள் மினுக்கி. “நல்லாக் காயும்.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. மறுநாள் குழியில் ஈரம்கூட இல்லை. அந்தக் கரடி அழுத அழுகையைக் கேட்டு, முட்டைகளை அவனிடம் பறிகொடுத்த அந்தக் கவுதாரிகூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கோடை முழுக்கச் சேறு பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. மொத்தன் அந்தப் பக்கமே போகவில்லை. பார்த்தால் தண்ணீர் கொண்டுவரத் தோன்றிவிடும் என்று அவனுக்கே பயம்.

மழை வந்தது. குழி நிரம்பியது. மொத்தன் மனசு கேட்காமல் போய் எட்டிப் பார்த்தான். முதலில் வெறும் தண்ணீர். சில நாள் கழித்துப் பார்த்தால் தூசி தூசியாய் ஏதோ துள்ளிற்று. இன்னும் சில நாளில் குழி கொள்ளாமல் இறால்கள். அவற்றில் எதற்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. ஒரு சின்னது மட்டும் கிட்டே வந்து, எங்க அம்மாவை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டது.

“தெரியும்” என்றான் மொத்தன்.

“அப்போ முட்டையில இருந்த எங்களை நீங்கதான் பார்த்துக்கிட்டீங்களா? என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல, கண்ணு. ஒண்ணும் பண்ணாம உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசுல அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செஞ்சதில்ல.”

நாம் பாசம் வைத்தவர்களுக்கு எது வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுச் செய்வதுதான் பாசம். அவர்கள் சும்மா இரு என்றால், நெஞ்சு வலித்தாலும் சும்மா இருக்க வேண்டும்.