நடுங்கும் கைக்கு ஒரு சல்லடை

"என் கையை நிறுத்திக் குடுங்க, தாயி."

ஆவுடையப்பன் வலது கையைத் துண்டால் மூடி வைத்திருந்தார். துண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

மடத்து வாசலில் குரு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேச்சித்தாய் என்று பெயர். வயது முப்பத்தெட்டு. பொதிகை மலையடிவாரத்தில், ஆற்றோரம் ஓடு வேய்ந்த சின்ன மடம் அது. மதியம் வருகிறவர்களுக்குக் கஞ்சி உண்டு. கேட்கிறவர்களுக்குச் சில சமயம் ஒரு வார்த்தை.

வந்தவருக்கு ஐம்பத்திரண்டு. கோயில் கோபுரங்களில் சுதைப் பொம்மைகள் செய்து வண்ணம் தீட்டுகிற மேஸ்திரி. தன்னைவிட இத்தனை சின்னவரிடம் போய் நிற்பதா என்று யோசித்ததிலேயே அவருக்கு மூன்று வாரம் போயிருந்தது.

"துண்ட எடுங்க, அண்ணாச்சி."

எடுத்தார். கரையில் போட்ட கெண்டையைப் போல் கை மடியில் கிடந்து துள்ளியது.

"எப்போலேர்ந்து?"

"சித்திரையிலேர்ந்து. கோபுரத்துல நாலாவது நிலையில வேலை பாத்துட்டு இருக்கேன். சாரத்துல கயிறு அறுந்து, நின்ன பலகை போயிட்டு. மேல ஒரு மூங்கில் கையில சிக்குச்சு. அதைப் பிடிச்சுத் தொங்கினேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு வெத்தலை போடுற நேரம்."

"அப்போ கை நடுங்குச்சா?"

"இல்ல. இரும்பு மாதிரி நின்னுச்சு. கீழ இறக்கி விட்ட பிறகுதான் ஆரம்பிச்சுது."

"ஆரம்பிச்சதும் என்ன பண்ணினீங்க?"

"கக்கத்துல வச்சு அடக்கினேன். பயலுவ எல்லாம் சுத்தி நிக்கானுவ. மேஸ்திரியே நடுங்கினா நாளைக்கு எவன் சாரத்துல ஏறுவான்?"

"அப்புறம்?"

"இன்னிக்கு வரைக்கும் அடக்கிட்டுதான் இருக்கேன்."

குரு ஒரு முற்றிய தண்டைத் தனியே எடுத்துப் போட்டார்.

ஆவுடையப்பன் மேலும் சொன்னார். டாக்டர் நன்றாகப் பார்த்தார். நரம்பில் குறை ஒன்றும் இல்லை, மனசு பயந்திருக்கிறது என்றார். சரி, மனசை அடக்குவோம் என்று இவர் மூச்சை அடக்கிப் பார்த்தார். நூற்றெட்டு தடவை நாமம் சொல்லலாம் என்று உருத்திராட்ச மாலையை எடுத்தார்.

"கை ஆடுற ஆட்டத்துல ரெண்டு ரெண்டு மணியாத் தாவுது தாயி. ஐம்பத்து நாலுலயே நூத்தெட்டு முடிஞ்சு போவுது."

உள்ளே அடுக்களையில் யாரோ சிரித்தார்கள்.

"தை இருபது கும்பாபிஷேகம்," என்றார் ஆவுடையப்பன். "இன்னும் பத்தொன்பது நாள். நாப்பத்து மூணு பொம்மைக்குக் கண்ணு எழுதல. கண்ணு கடைசியில எழுதுறது. நான்தான் எழுதணும். கைய மூங்கிலோட சேத்துக் கட்டிட்டு ஒரு துவாரபாலகருக்கு எழுதிப் பாத்தேன்."

"வந்துச்சா?"

"கண்ணு வந்துச்சு. அது யாரையும் பாக்கல. சுரண்டிட்டேன்."

குரு அடுத்த பிடி கீரையை எடுத்தார்.

"தகட்டுல கண்ணு வெட்டி, அதை வச்சு வண்ணத்தை அடிச்சிருவோம்னு என் மச்சினன் திரவியம் சொல்லுதான். அடிச்சா ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பிறகு நான் எந்தக் கோபுரத்துலயும் ஏற மாட்டேன்."

குரு எழுந்து கீரைத் தண்டுகளை ஆட்டுக்குப் போட்டார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"செவந்தி, அண்ணாச்சிக்கு ஒரு சல்லடை குடு."

*

நாளைக்குப் புட்டு. இடித்த அரிசி மாவு ஒரு மூட்டை இருந்தது.

ஆவுடையப்பன் சல்லடையைப் பிடித்தார். கையை அடக்கினார். தோளை இறுக்கினார். பல்லைக் கடித்தார். மாவு சல்லடையில் அப்படியே கிடந்தது.

செவந்தி மடத்துச் சமையல்காரி. கனத்த உடம்பு. அதைவிடக் கனத்த குரல்.

"அண்ணாச்சி, மாவைச் சலிக்கச் சொன்னா காவல் காத்துட்டு இருக்கியளே."

"கை நடுங்குதும்மா."

"நடுங்காத கையை வச்சுக்கிட்டு நான் இம்புட்டு நாளும் கஷ்டப்பட்டுல்லா ஆட்டுதேன். உங்களுக்கு அது தானா ஆடுது. விடுங்களேன்."

அவர் விட்டார்.

மாவு கொட்டியது. பனி இறங்குவது போல் மெல்ல, விடாமல், ஒரே சீராக. கால் மணி நேரத்தில் கால் மூட்டை முடிந்தது. செவந்தி ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள்.

"பவுடர் மாதிரி இருக்கு. வீட்டுல அக்காவுக்குக் கொடுத்து வச்சிருக்கு."

ஒன்பது மாதத்தில் அந்தக் கையை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் மாவு கேட்டார்.

*

மறுநாள் காலையில் குருவிடம் போனார்.

"கை நிக்கலையே, தாயி."

"நெல்லி காய்ச்சிருக்கு. உலுக்கணும்."

ஆவுடையப்பன் கிளையைப் பிடித்தார். பிடித்ததும் கிளைக்கும் நடுக்கம் தொற்றிக்கொண்டது. காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. கீழே குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த குருவின் தலையில் ஏழெட்டு விழுந்தன.

"ஐயையோ, தாயி."

"உங்க கைக்கு என்கிட்ட என்ன கோபமோ," என்றார் குரு, தலையைத் தடவிக்கொண்டே. கூடவே ஒரு நெல்லிக்காயைக் கடித்தார். முகம் சுளித்தது. பிறகு தண்ணீர் குடித்தார். முகம் மலர்ந்தது.

மூன்றாம் நாள் தொட்டில். செவந்தியின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு நாற்பது நாள். ஆவுடையப்பன் தொட்டில் கயிற்றில் கை வைத்தால் போதும், தூங்கிவிடும். எடுத்தால் விழித்துக்கொள்ளும். ஒரு மத்தியானம் முழுக்க அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

மாலையில் பஜனை. அவருக்கு ஜால்ரா.

"கொஞ்சம் மெதுவா, அண்ணாச்சி," என்றாள் செவந்தி. "எங்க பாட்டு இன்னும் பல்லவியில இருக்கு. நீங்க மங்களம் பாடி முடிச்சிட்டிய."

*

நான்காம் நாள் தெருநாய் ஒன்று மடத்து ஆட்டை விரட்டியது. ஆடு முள்வேலியைத் தாண்டி உள்ளே வந்து விழுந்தது. நாய் குரைத்துவிட்டுப் போயிற்று.

ஆடு எழுந்து நின்றது. கால் நடுங்கியது. வயிறு நடுங்கியது. காது, வால் எல்லாம் நடுங்கின. உடம்பைத் தலையிலிருந்து வால் வரை ஒரு தடவை உதறியது. பிறகு குனிந்து கீரைத் தண்டைக் கடித்தது.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றார் ஆவுடையப்பன்.

"அதுக்கு மேஸ்திரி உத்தியோகம் இல்லல்லா," என்றார் குரு.



*

ஐந்தாம் நாள் மறுபடியும் மாவு.

பாதி மூட்டையில் கை நடுக்கம் முழங்கைக்கு ஏறியது. தோளுக்கு வந்தது. தாடை தடதடத்தது. சல்லடை நழுவி விழுந்தது.

"தாயி, காலுக்கும் வந்துட்டு."

"வரட்டும்."

"அடங்க மாட்டேங்குது."

"சரி."

"நான் வெளிய போயிருதேன். எல்லாரும் பாக்காங்க."

எல்லாரும் என்றால் செவந்தியும் ஒரு பூனையும்.

குரு வந்து அவருக்கு எதிரே மாவுத் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். நடுங்க ஆரம்பித்தார். முதலில் விரல். பிறகு தோள். பிறகு கொண்டை.

"என்ன பண்ணுதீங்க, தாயி?"

"துணைக்கு."

செவந்தி அகப்பையை வைத்தாள். "நான் மட்டும் எதுக்குச் சும்மா நிக்கணும்," என்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் ஆடினாள். பலகையில் அடுக்கியிருந்த பாத்திர மூடிகள் கடகடவென்று ஒலித்தன. ஒரு தூக்குவாளி உருண்டு விழுந்தது. பூனை ஓடிப்போயிற்று.

"மெதுவாடி," என்றார் குரு, பல் தந்தியடிக்க. "ஓடு இறங்கிரப் போவுது."

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அதையும் முதலில் அடக்கத்தான் பார்த்தார். அது மூக்கு வழியாக வந்தது. பிறகு வாய் வழியாக வந்தது. பிறகு உடம்பே சிரித்தது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது, அழுகை எந்த இடத்தில் மறுபடி சிரிப்பானது என்று அவருக்குத் தெரியவில்லை.

"விழுந்துருவேன்னு நினைச்சேன், தாயி."

"வெத்தலை போடுற நேரமா?"

"இல்ல." அவர் மூக்கைத் துடைத்தார். முகமெல்லாம் மாவானது. "ரொம்ப நேரம். கீழ பயலுவ பேரு சொல்லிக் கூப்பிடுதானுவ. எனக்கு ஒவ்வொருத்தன் குரலும் தனித்தனியாக் கேட்டுச்சு. இனிமே கேக்க மாட்டோம்னு நினைச்சேன்."

 குரு நடுங்குவதை நிறுத்தவில்லை.

மாவு மூட்டையில் சாய்ந்தபடியே ஆவுடையப்பன் தூங்கிப்போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து ஆறு புட்டு சாப்பிட்டார். ஏழாவதைச் செவந்தி அவரைக் கேட்காமலே வைத்தாள்.

*

ஒன்பதாம் நாள் குரு சொன்னார்: "போயிட்டு வாங்க."

ஆவுடையப்பன் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் ஆடின. முன்னைவிடக் குறைவா, அதே அளவா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"இன்னும் நடுங்குதே, தாயி."

"பாத்தேன்."

"இந்தக் கையோடவா ஏறச் சொல்லுதீங்க?"

"வேற கை வச்சிருக்கீங்களா?"

 ஆவுடையப்பன் துண்டைக் கையில் சுற்றப் போனார். சுற்றாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

*

தை இருபத்திரண்டில் மடத்துக்குத் திரும்பி வந்தார்.

ஒரு பானை சர்க்கரைப் பொங்கலைத் துண்டில் கட்டித் தோளில் தொங்கவிட்டிருந்தார். காதோரம் நீல வண்ணம் இன்னும் போகாமல் இருந்தது.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நகர்ந்து இடம் விட்டார். ஆவுடையப்பன் உட்கார்ந்து அவரும் ஒரு பிடி எடுத்தார்.

"ஏறினீங்களா?"

"ஏறினேன். மூணாவது நிலையில வந்துட்டு."

"எது?"

"கை, கால், எல்லாம். பயலுவ அத்தனை பேரும் கீழேருந்து அண்ணாந்து பாக்கானுவ. பலகையில உக்காந்தேன். கொஞ்சம் பொறுங்கடே, நடுங்கிட்டு வாறேன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தனும் பேசல. திரவியம் மட்டும் ஏறி வந்து பக்கத்துல உக்காந்தான். பாத்தா அவன் தொடையும் ஆடுது. என்னலேன்னேன். சித்திரையிலேர்ந்தே இருக்கு அத்தான், ஏறும்போதெல்லாம் வரும்னான். அன்னிக்கு என்னை இறக்கக் கீழ கயிறு பிடிச்சது அவன்தான். ரெண்டு பேரும் சேர்ந்து நடுங்கினோம். கீழ நின்னவனுவ எங்களுக்கு அருள் வந்துட்டுன்னு நினைச்சுக்கிட்டானுவ. ஒருத்தன் வேப்பிலை ஒடிக்கப் போயிட்டான்."

அடுக்களையில் பாத்திர மூடிகள் லேசாக ஒலித்தன. செவந்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தகடு?"

"அந்தத் தகட்டைத் திரவியமே எடுத்துட்டுப் போய்த் தண்ணிப் பானைக்கு மூடியா வச்சிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் கண்ணு எழுதினேன். மூணு நாள். நாப்பத்து மூணும். அந்தத் துவாரபாலகரைக் கடைசியா வச்சுக்கிட்டேன், ஒரு தடவை அவரைக் கெடுத்தவன்லா நான். மன்னிச்சுக்கிடுங்க சாமின்னு சொல்லி, கருவிழியை வச்சு, தூரிகையை எடுத்தேன். எடுத்ததும் அவரு என்னையப் பாத்தாரு, தாயி. அப்படியே நேருக்கு நேரா. யாருவே நீ, இவ்வளவு நாளும் எங்க போயிருந்தேங்கிற மாதிரி. நான் சாரத்துல இருந்துகிட்டே சிரிச்சிட்டேன்."

அவர் இப்போதும் சிரித்தார். கீரை மடியில் சிந்தியது.

குரு கீரையை வைத்தார்.

"கை நடுங்குச்சா?"

 ஆவுடையப்பன் கோபுரத்தை நினைத்துப் பார்த்தார். முதல் பொம்மையிலிருந்து கடைசி வரைக்கும் வரிசையாக நினைத்துப் பார்த்தார். யாளி நினைவில் இருந்தது. சிரிக்கிற பூதம் இருந்தது. ஒவ்வொரு கண்ணும் இருந்தது.

"பாக்கலையே, தாயி."